நீர்மூழ்கியும் அரிசி மூட்டையும்

கார்ட்டூன் படம் என்றாலே குழந்தைகள் சமாச்சாரம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். ஜப்பானியர் அப்படி நினைப்பதில்லை. கவாகுச்சி கைஜி என்ற சித்திரக்கதை ஆசிரியர் 1988 முதல் 1996 வரை வார இதழில் தொடராக எழுதி வரைந்த 'சின்மோகு நோ கான்தாய்' 1990களில் அசைவூட்டப் படமாகவும் வந்தது. தலைப்பை 'மௌனக் கடற்படை' எனத் தமிழாக்கலாம். ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து ரகசியமாகக் கட்டிய அணுசக்தி நீர்மூழ்கியைக் கேப்டன் கையேதா தன் ஆட்களோடு கடத்திச் சென்று, 'யமாத்தோ' என்று பெயரிட்டு, அதையே தனி நாடாக அறிவிக்கிறார். கண்ணால் பாராமல் காதால் கேட்டே நடத்தும் போர் என்பதால் படம் விறுவிறுப்பாகத்தான் போகும். ஆனால் அந்தமானில் கடை நடத்துகிற எனக்கு, அந்தக் கதையில் கரையில் இருக்கும் மனிதரைக் காணோமே என்று தோன்றும்.

முதலில் நீர்மூழ்கி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். அதன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கனம் கூடி உள்ளே போகும். அழுத்தக் காற்றைச் செலுத்தி நீரை வெளியே தள்ளினால் மேலே வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து நீர்மூழ்கிகள் மேலே இருக்கும்போது டீசலிலும், உள்ளே போனால் பேட்டரியிலும் ஓடின. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். ஆகவே பேட்டரியை ஏற்றிக்கொள்ள அவை பெரும்பாலும் இரவு நேரத்தில் மேலே வந்தாக வேண்டும். அணு உலை உள்ள நீர்மூழ்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கலாம். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. உள்ளே இருப்பவர்களின் சாப்பாடு தீரக் கூடாது!

இனி நம் தீவுகளுக்கு வருவோம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இறங்கினார்கள். 1943 ஜனவரியில் இலங்கையிலிருந்து புறப்பட்ட ஓ-24 என்ற டச்சு நீர்மூழ்கி, முன்பு இங்கே போலீஸ் அதிகாரியாக இருந்த மெக்கார்த்தியையும் சிலரையும் மத்திய அந்தமானின் மேற்குக் கரையில் ரகசியமாக இறக்கிவிட்டது. உளவறிந்து மார்ச்சில் அவர்கள் திரும்பினார்கள்.

அதே ஆண்டில்தான் நேதாஜியும் நீர்மூழ்கியில் வந்தார். பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் யூ-180இல் ஏறினார். ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கர் அருகே நடுக்கடலில் ஜப்பானின் ஐ-29க்கு மாறி, மே மாதம் சுமத்ராவின் வடகோடியில் உள்ள சபாங்கில் இறங்கினார். சபாங் நம் கிரேட் நிகோபாருக்குத் தென்கிழக்கே, பக்கத்துத் தீவு மாதிரிதான்.

ஒருபுறம் ரகசியமாக வந்துபோகும் ஆட்கள், மறுபுறம் மூழ்கடிக்கப்படும் கப்பல்கள். கரையிலிருந்து யாரோ தகவல் கொடுக்கிறார்கள் என்று ஜப்பானியர் சந்தேகப்பட்டார்கள். கடலுக்கடியில் இருப்பவன் கைக்குச் சிக்கமாட்டான். ஊரில் இருப்பவன் சிக்குவான். இங்கே இந்திய சுதந்திர லீக்கின் தலைவராக இருந்த மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் 1943 அக்டோபரில் கைதானார். டிசம்பர் 30 அன்று நேதாஜி இங்கே தேசியக் கொடி ஏற்றியபோது அவர் செல்லுலார் சிறைக்குள்தான் இருந்தார். சித்திரவதையால் 1944 ஜனவரி 14இல் உயிர் நீத்தார். அம்மாதம் 30ஆம் தேதி ஹம்ஃப்ரிகஞ்சில் உளவாளிகள் என்று 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் இந்திய தேசிய ராணுவத்தின் சார்பில் நிர்வாகப் பொறுப்பேற்க வந்தவர் நம் தமிழர், மருத்துவர் மேஜர் ஜெனரல் ஏ. டி. லோகநாதன். அவர் கைக்கு வந்தது கல்வித் துறைதான். போலீஸை ஜப்பானியர் விடவேயில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்தது வயிற்றுப்பாடு. திருகோணமலையைத் தளமாகக் கொண்ட நேசநாட்டு நீர்மூழ்கிகள் மலாக்கா நீரிணை, அந்தமான் கடல் எங்கும் சுற்றின. போர்க்கப்பலை மட்டுமா குறிவைத்தன? சரக்குக் கப்பல், பாய்மரம் எதுவும் தப்பவில்லை. தீவுக்கு அரிசி கப்பலில்தான் வர வேண்டும். போரின் கடைசி ஆண்டில் பஞ்சம் முற்றியது. 1945 ஆகஸ்டில், பயிர் செய்ய நிலம் தருகிறோம் என்று நூற்றுக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றிய ஜப்பானியர், ஹேவ்லாக் தீவருகே (2018 முதல் ஸ்வராஜ் தீவு) அவர்களைக் கடலில் குதிக்க வைத்தார்கள். உயிர் பிழைத்தவர் மிகச் சிலரே. உணவுக்குப் பங்கு கேட்கும் வாய்களைக் குறைத்த கொடுமை அது.

இது ஜப்பானியர் குற்றமே; அதில் சந்தேகமில்லை. ஆனால் டார்பிடோ விட்ட தலைவனுக்கு, தான் மூழ்கடித்தது யார் வீட்டு அரிசி என்று தெரியாது. செய்தவன், செய்வித்தவன், ஆமோதித்தவன் மூவருக்கும் வினை உண்டு என்பது நாங்கள் படித்த சமணக் கணக்கு. அந்தக் கணக்கில் நீர்மூழ்கிப் போரின் வீரசாகசம் பாதிப் பக்கம்தான். மறுபாதி கரையில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்றும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினத்துக் கப்பல் நாலு நாள் தாமதித்தால் இங்கே கடைக்காரன் முகம் வாடிவிடும். ஆகவே நம் பிள்ளைகள் நீர்மூழ்கிப் படம் பார்க்கட்டும், தடுக்க வேண்டாம். ஊரிலிருந்து உறவினர் வந்தால் செல்லுலார் ஜெயிலோடு நிறுத்திவிடாமல், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹம்ஃப்ரிகஞ்ச் நினைவிடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.