செலினின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

ஒரு எழுத்தாளரைப் பற்றி ஒரு பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது சுலபம் என்றுதான் தோன்றும். பிறப்பு, படிப்பு, முதல் நாவல், பரிசு, இறப்பு. கொஞ்ச நேரம் தேடினால் முடிந்தது. லூயி-ஃபெர்டினான் செலின் விஷயத்தில் இது நடக்காது. பெயரிலேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. 'செலின்' என்பது அவர் பெயரே இல்லை, பாட்டியின் பெயர். பதிவேட்டில் இருப்பது லூயி டெத்தூஷ், 1894 மே 27, பாரிஸை ஒட்டிய கூர்ப்வுவா ஊர்.

ஆளைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தொழில் மருத்துவர். 1932-ல் முதல் நாவல், 'இரவின் முடிவு வரை ஒரு பயணம்'. தெருவில் பேசுகிற பிரெஞ்சை, வசவும் கொச்சையுமாக, இலக்கியத்துக்குள் கொண்டுவந்த புத்தகம். அந்த வருஷம் கோன்கூர் பரிசு கிடைக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்க, அது கை நழுவி ரெனொதோ பரிசு கிடைத்தது. ட்ரொட்ஸ்கி பாராட்டிக் கட்டுரை எழுதினார். 1936-ல் 'கடனில் மரணம்'. அதன் பிறகு 1937, 1938, 1941 என்று மூன்று புத்தகங்கள், மூன்றும் யூத வெறுப்பை அள்ளிக் கொட்டுபவை. பிரெஞ்சில் இவற்றை 'பாம்ஃப்லே' என்கிறார்கள். நம்ம ஊர் துண்டுப்பிரசுரம் மாதிரி நினைக்க வேண்டாம், ஒவ்வொன்றும் முழுப் புத்தகம். 1944-ல் ஜெர்மனிக்கு ஓட்டம், அங்கிருந்து டென்மார்க், சிறை, 1950-ல் பாரிஸ் நீதிமன்றத்தில் அவர் இல்லாமலே தண்டனை, 1951-ல் மன்னிப்பு, 1961-ல் மரணம்.

இந்த ஆளைப் பற்றி 'நடுநிலையாக' எழுது என்றால் பலரும் செய்வது ஒன்றுதான். ஒரு பத்தி மேதை, ஒரு பத்தி அயோக்கியன். தராசில் இரண்டு தட்டையும் சமமாக வைத்துவிட்டால் நியாயம் செய்தாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இதில் எந்தத் தகவலையும் யாரும் சரிபார்க்க வேண்டியதே இல்லை, தட்டைச் சமமாக்கினால் போதும். செலின் விஷயத்தில் தட்டில் வைக்கிற சரக்கே பாதி அவர் கொடுத்தது, அதில் பாதி பொய்.

உதாரணத்துக்கு அந்த மண்டையோட்டுக் கதை. முதல் உலகப் போரில் காயம்பட்டார், அது உண்மை. 1914 அக்டோபர் 27, பெல்ஜியத்தில் புல்கப்பெல்லே ஊருக்குப் பக்கத்தில், வலது கையில் குண்டு. வீரப் பதக்கமும் கிடைத்தது. ஆனால் பிற்காலத்தில் அவர் சொன்ன கதையில் தலையிலும் காயம், மண்டையோட்டைத் துளைத்து அறுவை சிகிச்சை. ஆவணங்களில் அப்படி ஒரு அறுவை சிகிச்சை கிடையாது. 'பாவம், மூளையில் அடி, அதனால்தான் பின்னாடி அப்படி எழுதினார்' என்று இரக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நடக்காத ஒரு அறுவை சிகிச்சை அவருடைய குற்றத்துக்குச் சலுகை வாங்கித் தந்திருக்கிறது!

ஃபோர்டு தொழிற்சாலையும் இப்படித்தான். முதல் நாவலின் நாயகன் பர்தாமு டெட்ராய்ட்டில் தொழிலாளியாக வேலை செய்வான். அதைப் படித்துவிட்டு செலினும் அங்கே கூலி வேலை பார்த்தார் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் 1925-ல் அங்கே போனது சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவு மருத்துவராக, ஒரு குழுவோடு, பார்வையிட. சின்ன வயசுக் கதையிலும் அதே குழப்பம். 'கடனில் மரணம்' நாவலில் வருகிற வறுமையும் அடி உதையும் அப்படியே அவருடைய பால்யம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அம்மாவுக்குப் பாரிஸில் லேஸ் கடை, அப்பாவுக்குக் காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம். ஒரே பையன். மொழி கற்றுக்கொள்ள ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பி வைத்தார்கள். பணக்காரர்கள் இல்லைதான், ஆனால் நாவலில் வருகிற அந்த நரகமும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை, செலினே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதியிருக்கிறார். 1924-ல் அவருடைய மருத்துவப் பட்ட ஆய்வேடு, கை கழுவினால் பிரசவக் காய்ச்சல் குறையும் என்று கண்டுபிடித்த ஹங்கேரிய மருத்துவர் செம்மல்வைஸ் பற்றியது. உணர்ச்சிகரமாக இருக்கும். கடைசிக் காட்சியில் செம்மல்வைஸ் புத்தி பேதலித்துப் பிரேதப் பரிசோதனைக் கூடத்துக்குள் ஓடி, கத்தியால் தன்னையே கீறிக்கொண்டு, நச்சு ஏறிச் சாவார். இதன் சுருக்கம் ஒரு பிரெஞ்சு மருத்துவ இதழில் வந்ததும் புடாபெஸ்ட்டிலிருந்து செம்மல்வைஸ் ஆய்வாளர் ஒருவர் திருத்தக் கடிதம் அனுப்பினார். அப்படி ஒரு காட்சி நடக்கவே இல்லை, புள்ளிவிவரங்களும் தப்பு என்று. செம்மல்வைஸ் செத்தது 1865-ல் வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்தில். ஆகவே செலினுக்கு ஒரு வாழ்க்கையை எப்படி நாடகமாக்குவது என்று நாவல் எழுதும் முன்பே நன்றாகத் தெரியும். பின்னாளில் அதே கைவேலையைத் தன் வாழ்க்கையிலும் காட்டினார்.

அப்படியானால் எதை நம்புவது? நான் மென்பொருள் ஆளு, எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு பிழை வந்தால் முதலில் பார்ப்பது பதிவில் இருக்கிற நேரமுத்திரை. எது முதலில் நடந்தது, எது பிறகு. செலின் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூன்று கேள்வி போட வேண்டும். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார், அப்போது அவருக்கு என்ன தேவைப்பட்டது. இதைச் செய்தாலே பாதி மூடுபனி விலகிவிடுகிறது.

அவருடைய பிரதான வாதத்தை எடுத்துக்கொள்வோம். 1946-ல், டென்மார்க் காவலில் இருந்தபோது, பிரெஞ்சுக் குற்றச்சாட்டுகளுக்குப் பதில் எழுதுகிறார். சாராம்சம் இது: நான் போரைப் பார்த்தவன், இன்னொரு போர் வராமல் தடுக்கத்தான் அந்தப் புத்தகங்களை எழுதினேன். 1937, 1938 புத்தகங்களுக்கு இந்த வாதம் கொஞ்ச தூரம் வரும். அவற்றில் போர் பயம் இருப்பது நிஜம். ஆனால் மூன்றாவது புத்தகம் வந்தது 1941 பிப்ரவரியில். பிரான்ஸ் தோற்று எட்டு மாதம் ஆகிவிட்டது, பாரிஸில் ஜெர்மானிய ராணுவம் உட்கார்ந்திருக்கிறது, யூதர்களை உத்தியோகங்களிலிருந்து விலக்கும் விஷி அரசின் முதல் சட்டம் 1940 அக்டோபரிலேயே வந்துவிட்டது. தடுப்பதற்கு அங்கே எந்தப் போர் மிச்சம் இருந்தது? அதோடு, 1939-ல் புதிய அரசாணையின் காரணமாகக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்ட முதல் இரண்டு புத்தகங்களும் ஆக்கிரமிப்புக் காலத்தில் மறுபதிப்பு வந்தன. இரண்டாவதுக்கு 1942-ல் செலின் புதிதாக முன்னுரையும் எழுதிக் கொடுத்தார். தேதிகளை வரிசையாக எழுதினால் போதும், வாதம் தானாகவே விழுந்துவிடுகிறது. நாம் திட்டவே வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் தேதி பேசுகிறது. 'திடீரென்று 1937-ல் பைத்தியம் பிடித்தது' என்றும் ஒரு கதை உண்டு. 1926-27 வாக்கில் அவர் 'தேவாலயம்' என்று ஒரு நாடகம் எழுதினார். மூன்றாவது அங்கம் சர்வதேச சங்கத்தில் நடக்கிறது. அதில் யூத அதிகாரிகள் கேலிச்சித்திரங்களாக வருகிறார்கள். அவர்களில் முக்கியமான பாத்திரத்துக்கு முன்மாதிரி செலினின் அன்றைய மேலதிகாரி லுத்விக் ராய்ஹ்மன், அவரிடம் நிறைய அன்பு காட்டியவர். நாடகம் அச்சில் வந்தது 1933-ல். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத்தான் சார்த்ர் 1938-ல் தன் 'குமட்டல்' நாவலின் முகப்பில் போட்டார். ஆக, விதை பத்து வருஷம் முன்பே இருந்திருக்கிறது, கண்ணில் பட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

'அது சும்மா நையாண்டி, மிகைப்படுத்தல்' என்பவர்களும் உண்டு. 1938-ல் ஆந்த்ரே ழீத் கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் ஆலிஸ் கேப்லன் 1987-ல் செய்த வேலை இதற்கு நல்ல பதில். முதல் வசைநூலில் இருக்கும் மேற்கோள்களையும் தகவல்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். அன்றைய யூத எதிர்ப்புப் பிரச்சார வெளியீடுகளிலிருந்து செலின் பத்தி பத்தியாக எடுத்திருக்கிறார். உட்கார்ந்து வெட்டி ஒட்டிய வேலையை வெறியின் உளறல் என்று எப்படிச் சொல்வது?

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டும், இங்கேதான் நியாயம் என்பது கஷ்டமாகிறது. கெட்டவர் என்று முடிவான ஆளின் மேல் எதைப் போட்டாலும் ஒட்டும். கவிஞர் ரொபேர் தெஸ்னோஸ் 1941 மார்ச்சில் அந்த மூன்றாவது புத்தகத்தை மட்டம் தட்டி மதிப்புரை எழுதினார். செலின் பதில் கடிதம் எழுதினார், அதில் தெஸ்னோஸ் தன் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்துப் போடட்டுமே என்கிற தொனி. ஆக்கிரமிப்பு பாரிஸில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டாம். 1944 பிப்ரவரியில் தெஸ்னோஸ் கைதானார், 1945 ஜூனில் தெரேசின் முகாமில் இறந்தார். இந்த மூன்று வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகர் மனசு தானாகக் கோடு போட்டுவிடும். ஆனால் தெஸ்னோஸ் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தார், கைதானது அதற்காக. மூன்று வருஷம் முந்தைய கடிதத்தோடு அதைக் கட்டிவைக்க ஆதாரம் இல்லை. கடிதம் அசிங்கமானது, அதைச் சொல்லலாம், சொல்லணும். அதற்கு அடுத்த வரியிலேயே முகாமை வைப்பது வேறு வேலை.

வாழ்க்கை வரலாறு எழுதியவர்களையும் இதே கேள்விகளோடுதான் படிக்க வேண்டும். முதல் பெரிய வரலாறு ஃப்ரான்ஸ்வா ஜிபோ எழுதியது, மூன்று தொகுதி. ஜிபோ ஒரு வழக்கறிஞர், செலினின் மனைவி லூசெத்தின் வழக்கறிஞர். அதனால்தான் அவர் கைக்கு அவ்வளவு காகிதம் கிடைத்தது, அதனாலேயே கவனமாகவும் படிக்க வேண்டியிருக்கிறது. முதல் தொகுதி 1977, மூன்றாவது 1981, நடுத்தொகுதி 1985. அந்த நடுத்தொகுதிதான் 1932 முதல் 1944 வரை, அதாவது வில்லங்கமான வருஷங்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், வரிசையைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. 1988-ல் ஃப்ரெதெரிக் வித்தூ, 2011-ல் செலின் நாவல்களைப் பதிப்பித்த ஆன்ரி கொதார். 2017-ல் ஆனிக் துராஃபூரும் பியேர்-ஆந்த்ரே தாகியெஃபும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் ஒரு புத்தகம் போட்டு, செலின் வெறும் வாய்வீச்சு ஆள் இல்லை, நாஜிகளோடு நிஜமாகவே சேர்ந்து வேலை செய்தவர் என்று வாதிட்டார்கள். செலின் ஆய்வாளர்கள் பலர் இவர்கள் மேல் பாய்ந்தார்கள். என் அபிப்பிராயம், கொதாரிடம் நாவல்களைக் கற்றுக்கொள்ளலாம், இவர்களிடம் ஆவணங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

'யாரிடம் சொன்னார்' என்கிற கேள்விக்கு மில்ட்டன் ஹிண்டஸ் நல்ல பாடம். அமெரிக்க யூதப் பேராசிரியர், செலினின் நாவல்களை நேசித்து அவருக்காகப் பேசியவர். 1947 முதல் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து, 1948-ல் டென்மார்க் போய் நேரில் பார்த்தார். ஹிண்டஸுக்கு வந்த கடிதங்களை மட்டும் படித்தால் செலின் திருந்திவிட்டார் என்றே தோன்றும். அந்த நேரத்தில் அவருக்கு அமெரிக்காவில் ஒரு யூத ஆதரவாளர் அவசரமாகத் தேவை. கொஞ்சம் தள்ளி நண்பர் பரஸுக்கு எழுதிய கடிதங்களைப் பாருங்கள், பழைய வெறுப்பு அப்படியே இருக்கிறது. நேரில் பார்த்ததை ஹிண்டஸ் 1950-ல் புத்தகமாக எழுதினதும் செலினுக்கு வந்த கோபம் தனிக் கதை.

பொய்யன் சொல்வதெல்லாம் பொய் என்று விட்டுவிடவும் முடியாது. 1944-ல் தான் ஓடியபோது மோன்மார்த்ர் வீட்டிலிருந்து கையெழுத்துப் பிரதிகளைத் திருடிவிட்டார்கள் என்று செலின் சாகும்வரை புலம்பினார். மண்டையோடு கதை சொன்ன அதே ஆள்தான் இதையும் சொன்னார். லூசெத் 2019 நவம்பரில் 107 வயதில் இறந்தார். 2021 ஆகஸ்டில் செய்தி வெளியானது, ஜான்-பியேர் திபோதா என்ற பத்திரிகையாளரிடம் 5,000-க்கும் மேற்பட்ட தாள்கள் பல வருஷமாக இருந்திருக்கின்றன. கொடுத்தவர் போட்ட நிபந்தனை, அந்த அம்மா உயிரோடு இருக்கும்வரை வெளியிடக்கூடாது. 2022-ல் அதிலிருந்து 'போர்' நாவலாக வந்தது. அதில் வரும் ஃபெர்டினானுக்குக் கையில் காயம், தலைக்குள் ஓயாத இரைச்சல். உடனே சிலர் இதுதான் 1914-ன் நிஜம் என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மறுபடி முதலிலிருந்தா!

1951 மன்னிப்பும் குறிப்பில் வர வேண்டும். போரில் காயம்பட்ட வீரர் என்ற சலுகையில் ராணுவ நீதிமன்றம் கொடுத்தது. மனுவில் இருந்த பெயர் லூயி டெத்தூஷ். அந்த டெத்தூஷ்தான் செலின் என்பதை அவருடைய வழக்கறிஞர் அடிக்கோடிட்டுக் காட்டவில்லை.

மிச்சம் இருப்பது அந்த மூன்று வசைநூல்கள். செலினும் பிறகு லூசெத்தும் மறுபதிப்பை மறுத்ததால் போருக்குப் பின் பிரான்ஸில் அவை முறைப்படி வரவே இல்லை. கனடாவில் அன்று காப்புரிமை 50 வருஷம்தான் என்பதால் 2012-ல் கியூபெக்கில் குறிப்புகளோடு ஒரு பதிப்பு வந்தது. அதை வைத்து பிரான்ஸில் கலிமார் பதிப்பகம் கொண்டுவர முயன்று, எதிர்ப்பு கிளம்பியதும் 2018 ஜனவரியில் நிறுத்தி வைத்தது. பலரும் படிக்காத புத்தகங்களைப் பற்றித்தான் இந்தச் சண்டை முழுக்க நடக்கிறது, அதனால் வாழ்க்கை வரலாறு எழுதுபவர் 'சர்ச்சைக்குரிய நூல்கள்' என்று மழுப்பிவிட்டுத் தப்பிக்கலாம், பலர் தப்பித்தும் இருக்கிறார்கள். பிரான்ஸில் செலினின் காப்புரிமை 2031 டிசம்பரோடு முடிகிறது. 2032 ஜனவரி 1 முதல் யார் வேண்டுமானாலும், குறிப்பு போட்டோ போடாமலோ, அவற்றை அச்சடிக்க முயலலாம்.