பதவி என்னும் அமானிதம்

ஊராட்சியிலோ நகராட்சியிலோ ஒருவர் உறுப்பினராகிவிட்டால் அவர் வீட்டு வாசலை நாடி வருவோர் பெருகுகின்றனர். பெருநாள் வந்தால் தட்டுகளும் பெருகுகின்றன. நேற்றுவரை தெருவில் கண்டும் காணாமல் சென்றவர், இன்று பழக்கூடையுடன் வந்து ஸலாம் உரைக்கின்றார். "நாம் கேட்கவில்லையே! அவராக மனமுவந்து தந்ததை மறுப்பது முறையா?" என்று வீட்டாரும் தம்மைத் தாமே தேற்றிக் கொள்கின்றனர். இக்கேள்விக்கு மதீனத்துப் பள்ளியின் மிம்பரிலிருந்து என்றோ விடை கிடைத்துவிட்டது, வாசகர்களே!

பனூ சுலைம் கோத்திரத்தாரிடம் ஜகாத் வசூலித்து வருமாறு இப்னுல் லுத்பிய்யா என்பவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, பொருள்களை இரண்டாகப் பிரித்து வைத்தார். ஒரு பகுதி அரசுக்குரியது என்றும், மறு பகுதி தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றும் கூறினார். அவர் எதையும் ஒளிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்கள் முன் மிம்பர் ஏறி நின்று, அவர் தம் தாய் தந்தையர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். அவ்விதம் பெற்றவர், அது ஒட்டகமாயினும் ஆடாயினும், மறுமை நாளில் அதைத் தம் கழுத்தில் சுமந்து வருவார் என்றும் எச்சரித்தார்கள்.

அன்பளிப்பு தருவதும் பெறுவதும் நம் மார்க்கம் விரும்பும் நற்செயலே. ஆனால், அது மனிதருக்கு வந்ததா, நாற்காலிக்கு வந்ததா என்பதே உரைகல்.

ஆளுநரும் விசாரணையும்

இந்நெறியை ஆட்சி முறையாகவே வகுத்தவர்கள் கலீபா உமர் (ரலி) அவர்கள். கி.பி. 634 முதல் 644 வரை நீடித்த தம் ஆட்சியில், ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்துகளைக் கணக்கெடுத்து எழுதி வைத்தார்கள். பின்னர் காரணமின்றிப் பெருகிய செல்வத்தில் பாதியைப் பொது நிதியான பைத்துல்மாலில் சேர்த்தார்கள். தேவையுடன் வரும் மக்களுக்குக் கதவை அடைக்கலாகாது என்பதும் ஆளுநர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. ஆளுநர்கள் மீது வரும் முறையீடுகளை விசாரிப்பதற்கென்றே முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்களைப் பணித்தார்கள்.

கூபா நகர ஆளுநர் ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் காதிஸிய்யாப் போரின் வெற்றித் தளபதி. சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மருள் ஒருவர். அத்தகையவர் மீதும் கூபா மக்கள் சிலர் குறை கூறினர். பெரியவர் என்பதற்காக முறையீட்டைக் கலீபா தள்ளிவிடவில்லை. முறையீடு வந்துவிட்டது என்பதற்காகக் குற்றவாளி என்று முடிவு கட்டவுமில்லை. முதலில் அவரிடமே விளக்கம் கேட்டார்கள். பின்னர் ஆளனுப்பிக் கூபாவின் பள்ளிவாசல்தோறும் விசாரிக்கச் செய்தார்கள். யாவரும் ஸஅதைப் புகழ்ந்தனர். பனூ அப்ஸ் பள்ளியில் ஒரே ஒருவர் மட்டும் பழி சுமத்தினார். ஸஅது (ரலி) அவர்கள் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் தம் இறுதி நேரத்தில், அடுத்த கலீபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவருள் ஸஅதையும் சேர்த்த உமர் (ரலி) அவர்கள், இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை விலக்கவில்லை என்று பகிரங்கமாகத் தெளிவுபடுத்தினார்கள்.

இதிலே இரு படிப்பினைகள் உள. விசாரணை என்பது அவமதிப்பன்று. நேர்மையாளருக்கு அதுவே கேடயம். அவ்வாறே, ஆதாரமின்றித் தேநீர்க் கடையில் ஒருவர் மானத்தை ஏலமிடுவது தட்டிக் கேட்பதாகாது.

ஹிம்ஸு நகர ஆளுநர் ஸயீது இப்னு ஆமிர் (ரலி) அவர்களைப் பற்றியும் வரலாற்றாசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். பகல் ஏறிய பின்னரே அவர் வெளியே வருகிறார், மாதத்தில் ஒரு நாள் வருவதேயில்லை என்று மக்கள் குறை கூறினர். கலீபா அவர்கள் இரு தரப்பாரையும் நேர் நிறுத்திக் கேட்டார்கள். வீட்டில் பணியாள் இல்லாமையால் காலையில் தாமே மாவு பிசைந்து ரொட்டி சுடுவதாகவும், உடுத்தியதைத் துவைத்து உலர்த்த அந்த ஒரு நாள் செல்வதாகவும் ஆளுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார். குறை கேட்கும் அவை இல்லாதிருந்தால், அந்த ஏழை ஆளுநரின் பெருமை உலகுக்குத் தெரிந்தா இருக்கும்?

நம் கடமை என்ன?

நம் நாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகின்றது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டது. இப்போது லஞ்சம் வாங்குபவர் மட்டுமின்றிக் கொடுப்பவரும் குற்றவாளியே. வற்புறுத்தலுக்கு அஞ்சிக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் முறையிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வாங்குபவர், கொடுப்பவர் இருவரையுமே நாயகம் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள் என்பதை நாம் அறியாதவர்களா? வீட்டு வரிக்கும் குடிநீர் இணைப்புக்கும் 'ஏதோ கொடுத்து முடித்துவிட்டேன்' என்று பெருமை பேசுவோர் சிந்திக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் கிராம சபைக்கு உரியவை. அங்கே ஊராட்சியின் வரவு செலவைக் கேட்டறியலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்டால் முப்பது நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். கேட்க வேண்டிய அவையில் வாய்மூடி இருந்துவிட்டு, வீட்டுத் திண்ணையில் ஆட்சியைத் தூற்றுவதால் யாது பயன்?

பொறுப்பேற்றவர்களின் இல்லத்தாருக்கும் ஒரு சொல். மக்களுக்கு ஒன்றைத் தடை செய்தால் உமர் (ரலி) அவர்கள் முதலில் தம் குடும்பத்தாரை அழைப்பார்கள். இறைச்சியைப் பறவைகள் நோக்குவதுபோல் மக்கள் உங்களையே நோக்குகின்றனர். நீங்கள் தவறினால் தண்டனை இரு மடங்கு என்று எச்சரிப்பார்கள். ஆகவே வாசலுக்கு வரும் தட்டை முதலில் காண்பவர் இல்லத்தரசியாயின், இன்சொல் கூறித் திருப்பி அனுப்பும் துணிவும் அவருக்கு வேண்டும். அந்த ஒரு மறுப்பு, கணவரின் கழுத்தில் ஏற இருந்த சுமையை இறக்கி வைக்கும்.

அமானிதத்தைப் பேணி, கணக்கு நாளில் தலைநிமிர்ந்து நிற்கும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.