கரை யாருக்குச் சொந்தம்?

2024 கோடையில் துருக்கியின் போட்ரம் நகரில் ஒரு வாரம் ஓய்வெடுத்தேன். தெளிந்த ஏஜியன் கடல், வெள்ளை வீடுகள், மாலைக் காற்று. பணி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? 1925-இல் எழுத்தாளர் ஜெவாத் ஷாகிருக்குத் தண்டனையாக விதிக்கப்பட்ட தொலைதூர ஊர் இது. அவரோ இவ்வூரின்மீது காதல்கொண்டு, 'ஹாலிகர்னாசஸ் மீனவன்' என்ற புனைபெயரில் எழுதினார். இன்று இது செல்வந்தர்களின் உல்லாசத் தலம்.

ஒரு மாலை, சிறுமியுடன் வந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவர், குடைக்கும் சாய்வு நாற்காலிக்குமான வாடகைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைக்காமலேயே திரும்பிச் சென்றார். என் ஓய்வு அத்துடன் கலைந்தது.

சட்டம் அப்பெண்மணியின் பக்கமே இருக்கிறது. கடற்கரைப் பயன்பாட்டில் பொதுநலனுக்கே முன்னுரிமை என்கிறது துருக்கி அரசமைப்பின் 43-ஆம் பிரிவு. 1990-ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டமோ, கரை அனைவருக்கும் சமமாகவும் தடையின்றியும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. பிறகு தடுப்பது எது? விலை.

2017-இல் நான்கு லிராவுக்கும் குறைவாக இருந்த ஒரு டாலரின் மதிப்பு, நான் சென்றபோது முப்பது லிராவைத் தாண்டியிருந்தது. 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தொட்டது. கரையோரக் கட்டணங்கள் டாலரும் யூரோவும் கொண்டுவருவோரின் வசதிக்கேற்ப உயர்கின்றன. உள்ளூர் ஊதியமோ லிராவில் தேய்கிறது.

சுற்றுலா வருவாய் அந்நாட்டுக்குத் தேவைதான். ஆனால், குத்தகைக்கு விடும் கரைக்கு வரம்பு வகுத்து, கட்டணமில்லாப் பகுதியைக் காப்பதும் அரசின் கடமை. விலை எழுப்பும் வேலி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்கு வெளியே நிற்பவருக்கு மட்டுமே அது தெரியும்.