உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைக் கோட்டுக்கு வெளியே விழும் படம்

● ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் நாம் கண் வைத்துப் பார்க்கும் சன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்குள் நுழைந்த ஒளியே கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வரும். இங்கே அப்படி இல்லை. லென்ஸுக்கு மேலே, சற்று இடப்பக்கம் தள்ளி, தனியாக ஒரு சன்னல். அதில் மிதக்கும் வெள்ளைக் கோடுகள் இதுவரைக்கும்தான் படம் என்று எல்லை காட்டும். அந்த எல்லை ஒரே ஒரு தூரத்தில் மட்டுமே முழுச் சரி.

● தூரத்துக்கேற்ப இடம் மாறும் இந்தக் கோடுகளை லைக்கா 1954-இல், ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த போட்டோகினா கண்காட்சியில், எம்3 கேமராவோடு அறிமுகப்படுத்தியது. 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களுக்கு மூன்று சட்டங்கள். லென்ஸை மாட்டியதும் அதற்குரிய சட்டம் தானாகத் தோன்றும். இன்றைய பெரும்பாலான டிஜிட்டல் எம் கேமராக்களின் சன்னலுக்கும் அடிப்படை அதுதான்.

● கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடுங்கள். விரல் இடம் தாவும். எதிர்ச்சுவர் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பள்ளியில் இதை இடமாறு தோற்றம் என்று படித்திருப்போம். சன்னலுக்கும் லென்ஸுக்கும் இடையில் நடப்பதும் இதுவே. அருகில் இருக்கும் பொருளுக்கு ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினால், லென்ஸின் பின்புற விளிம்போடு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையும் நகரும். அந்த அசைவில் வெள்ளைச் சட்டம் முழுவதும் கீழாகவும் வலமாகவும் நகரும். மின்சாரம் எதுவும் வேண்டாம். நெம்புகோலும் உருளையும் மட்டுமே செய்யும் இந்த வேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனால் சட்டத்தை நகர்த்தலாமே தவிர, பார்க்கும் இடத்தை நகர்த்த முடியாது. முன்னால் ஒரு பூ, பின்னால் ஒரு முகம் என்று வைத்துக்கொள்வோம். பூ கண்ணை மறைக்காமல் இருப்பதாகச் சன்னல் காட்டும். லென்ஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மறைத்திருக்கலாம். எந்தக் கோடும் இதை முன்கூட்டிச் சொல்லாது.

● 90 மி.மீ. லென்ஸை ஒரு மீட்டர் தூரத்துக்கு ஃபோகஸ் செய்தால் அது 100 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். கணக்கு இதுதான்: கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாக்க லென்ஸ் சென்சாரை விட்டு முன்னால் நகர வேண்டும். நகர்ந்தால் பிம்பம் பெரிதாகும். பார்வைப் பரப்பு குறுகும். 50 மி.மீ. லென்ஸுக்கு 0.7 மீட்டரில் இந்தக் குறுக்கம் சுமார் 8 சதவீதம். 28 மி.மீ.க்கு 4 சதவீதத்தை ஒட்டி. நீண்ட லென்ஸ்களில்தான் வித்தியாசம் துருத்திக்கொண்டு தெரியும். சட்டமோ நகருமே தவிர அளவில் சுருங்காது, விரியாது. ஆகவே, எந்தத் தூரத்துக்குச் சட்டத்தின் அளவைப் பொருத்துவது என்பதைத் தொழிற்சாலை முதலிலேயே தீர்மானித்தாக வேண்டும். டிஜிட்டல் காலத்துச் சச்சரவு தொடங்குவது இங்கேதான்.

● 2006-இல் வந்த லைக்கா எம்8, எம் வரிசையின் முதல் டிஜிட்டல் கேமரா. அதில் சட்டங்களை 0.7 மீட்டருக்குப் பொருத்தியிருந்தார்கள். அந்த முடிவுக்கு ஒரு நியாயம் இருந்தது: மிகக் கிட்டத்தில்கூட, கோட்டுக்குள் கண்டது எதுவும் படத்தில் வெட்டுப்படாது. ஆனால் ரேஞ்ச்ஃபைண்டரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பவர் 0.7 மீட்டரிலா படம் எடுக்கிறார்? 50 மி.மீ. லென்ஸோடு ஐந்து மீட்டர் தள்ளி நின்று ஒரு குழுவை எடுத்தால், கோடு காட்டியதைவிட ஏறத்தாழ 18 செ.மீ. அதிக அகலம் படத்தில் வந்துவிடும். ஓரத்தில் நிற்கும் வேண்டாத ஆளின் தோள் எட்டிப் பார்க்க அது தாராளமாகப் போதும். பலரும் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. மிச்சமாக வந்ததை வெட்டிக்கொள்ளலாம் என்பது சரிதான். ஆனால் எம்8-இல் இருந்ததே சுமார் ஒரு கோடிப் புள்ளிகள். அதில் வெட்டிக் கழிக்க மனம் வருமா?

● 2008-இல் எம்8.2 வந்தபோது சட்டங்கள் இரண்டு மீட்டருக்கு மாறின. பழைய எம்8 வைத்திருந்தவர்களும் பணம் கட்டித் தங்கள் கேமராவின் சட்டங்களை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2009-இல் முழு அளவு சென்சாரோடு வந்த எம்9-இல் ஒரு மீட்டர். அதற்கடுத்த எம் 240-இல் மறுபடி இரண்டு மீட்டர். ஒரே வரிசையில், ஏழு ஆண்டுக்குள், நான்கு கேமராக்கள், மூன்று அளவுகள்!

● பிலிம் காலத்தில் இது ஏன் இவ்வளவு பெரிய பேச்சாகவில்லை? ஸ்லைடு எடுத்தவர்களுக்கு அட்டைச் சட்டமே நான்கு ஓரத்திலும் கொஞ்சம் விழுங்கிவிடும். பிரிண்ட் போட்டவர்களுக்கு ஸ்டுடியோக்காரர் ஓரத்தைத் தள்ளிவிட்டே போட்டுத் தருவார். லென்ஸ் கூடுதலாகப் பிடித்தது கண்ணுக்கு வருமுன்பே கழிந்துவிட்டது. சென்சாரோ கடைசிப் புள்ளிவரை கணினித் திரையில் காட்டிவிடுகிறது.

● இரண்டு மீட்டர் ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதைவிடக் கிட்டே போனால் கோட்டுக்குள் கண்டதில் கொஞ்சம் படத்தில் வராது. எம் 240-இல் 50 மி.மீ. லென்ஸ், 0.7 மீட்டர் என்றால், பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் போய்விடும். முகத்தை நெருங்கி எடுக்கும்போது காதோரத்தைக் கோட்டில் ஒட்டவிடாதீர்கள். எதிர்த்திசையில், முடிவிலிக்கு ஃபோகஸ் செய்தால் 28 மி.மீ. லென்ஸில் சுமார் 7.3 சதவீதமும் 135 மி.மீ.யில் சுமார் 18 சதவீதமும் அதிகம் பதிவாகும் என்று லைக்காவின் கையேடே சொல்கிறது.

● சட்டத்தின் அளவையும் மாற்றிக்காட்டிய ரேஞ்ச்ஃபைண்டர்கள் உண்டு. ஃபியூஜியின் 6×9 பிலிம் கேமராக்களில் கிட்டே ஃபோகஸ் செய்யச் செய்ய, சட்டம் நகர்வதோடு சுருங்கவும் செய்யும். அவற்றில் லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத மாடல்கள் பல. ஒரே லென்ஸ் என்றால் அந்த ஏற்பாட்டை அமைப்பது எளிது.

● உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் லைக்கா அல்ல. ஜப்பானின் எப்சன் 2004-இல் வெளியிட்ட ஆர்-டி1. அதன் சன்னல் உலகைச் சுருக்காமல் இயல்பான அளவிலேயே காட்டும். இரு கண்ணையும் திறந்துகொண்டு பார்த்தால் தெருவின் மேல் வெள்ளைச் செவ்வகம் ஒன்று மிதப்பது போலிருக்கும். எம்8-இன் சன்னல் 0.68 மடங்குதான்.

● கண்ணாடி அணிபவர்களுக்கு 28 மி.மீ. சட்டத்தின் நான்கு ஓரமும் ஒரே பார்வையில் தெரிவது அரிது. பருத்த லென்ஸோ நீண்ட ஹூடோ மாட்டினால் சன்னலின் வலது கீழ் மூலையும் மறைந்துபோகும். சில ஹூடுகளில் துளைகள் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● இந்தப் பிழை எல்லாவற்றையும் ஒரே அடியில் ஒழிக்க வழி இருக்கிறது. எம் 240-இலிருந்து பின்திரையில் லென்ஸின் பார்வையையே நேரடியாகப் பார்க்கலாம். 2025-இல் வந்த எம் இவி1-இல் ஒளியியல் சன்னலையே எடுத்துவிட்டு மின்னணுத் திரையை வைத்துவிட்டார்கள். அங்கே காண்பதுதான் படம். ஆனால் கோட்டுக்கு வெளியே இருப்பது அதில் தெரியாது. இடப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வருகிறது, இன்னும் இரண்டு நொடியில் கோட்டைத் தொடும், அதுவரை பொறு என்று சொல்வது பழைய சன்னல் மட்டும்தான். அந்த இரண்டு நொடிக்காக ஓரத்தில் சில சதவீதத்தை விட்டுக்கொடுக்க நான் தயார்.

● உங்கள் கேமராவின் கோடு எங்கே சரி, எங்கே பிழை என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். டைல்ஸ் ஒட்டிய சுவர் ஒன்று போதும். முக்காலியில் கேமராவை வைத்து, சட்டத்தின் நான்கு ஓரமும் எந்தெந்த டைல்ஸில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர், இரண்டு, நான்கு என்று தள்ளிப்போய் ஒவ்வொன்றிலும் இப்படிக் குறித்து ஒரு படம் எடுங்கள். கணினியில் திறந்து, கூடுதலாக விழுந்த டைல்ஸை எண்ணுங்கள். கோட்டின் தடிமனையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: இந்தத் தூரத்தில் கோட்டின் வெளி விளிம்பு, அந்தத் தூரத்தில் அதற்கும் வெளியே இன்னொரு கோட்டளவு என்று. லென்ஸுக்கு லென்ஸ் மாறும் என்பதால், அதிகம் பயன்படுத்தும் லென்ஸிலிருந்து தொடங்குங்கள்.