பாடநூலில் இல்லாத 20 மதிப்பெண்கள்

தேர்வுக் காலம் நெருங்க நெருங்க, மாணவர் உள்ள வீடுகளில் இரவு விளக்கு அணைய நேரமாகிறது. கணக்கு, விஞ்ஞானம், சரித்திரம் ஆகியவற்றை எவ்வாறு படிப்பது என்பதை நம் பிள்ளைகள் அறிவர். பாடம் இன்னதென்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. புத்தகமும் கையில் இருக்கிறது. ஆனால் ஆங்கிலத் தேர்வின் முதற்பிரிவைப் பற்றிக் கேட்டால், "அதற்குப் படிப்பதற்கு என்ன இருக்கிறது? தேர்வு அன்றுதானே பகுதியே கண்ணில் படும்!" என்கிறார்கள். இவ்விடையில் பாதி உண்மை, பாதி பிழை. அந்தப் பிழையான பாதியைப் பற்றியே இங்கு ஆராய எண்ணுகிறோம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1929இல் இராஜபுதனத்தில் தோன்றிய ஒரு தேர்வு வாரியமே 1952இல் இப்பெயரைப் பெற்று, 1962இல் திருத்தியமைக்கப்பட்டு, இன்று நாடெங்கும் உள்ள பள்ளிகளை இணைத்து நிற்கிறது. 2024–25ஆம் கல்வியாண்டின் பாடத்திட்டப்படி எழுத்துத் தேர்வு 80 மதிப்பெண்களுக்கு உரியது. காலம் 3 மணி. இலக்கியத்திற்கு 40, இலக்கணத்திற்கும் எழுதும் திறனுக்கும் 20, வாசிப்புத் திறனுக்கு 20 எனப் பங்கிடப்பட்டிருக்கிறது. வாசிப்புக்கென இரண்டு உரைப்பகுதிகள் தரப்படும். ஒன்று, ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி வாதித்துச் செல்லும் 400 முதல் 450 சொற்கள் கொண்ட பகுதி. மற்றொன்று, புள்ளிவிவரமோ வரைபடமோ அமைந்த 200 முதல் 250 சொற்கள் கொண்ட பகுதி. இரண்டும் மாணவர் முன்பு காணாதவை.

முன்பு காணாதவை என்பதனால் இவற்றை மனப்பாடம் செய்ய இயலாது. விலைகொடுத்து வாங்கிய குறிப்புப் புத்தகமும் இங்கே துணை செய்யாது. ஆங்கிலம் பேசாத வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இது பெருங்குறையாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. பணம் கொடுத்து நிரப்ப முடியாத இந்த 20 மதிப்பெண்கள், நாள்தோறும் சிறிது நேரம் பழகுவோர் யாவர்க்கும் பொதுவானவை. பழக்கம் ஒன்றே இதற்குரிய முதல்.

வாசிப்புக்கு முதலிடம் தரவேண்டும் என்னும் கருத்து நம் நாட்டில் புதிதன்று. அன்றைய பிரிவுபடாத வங்காளத்தில், டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், வங்காளத்து மாணவர்களின் இருமொழி நிலையை ஆராய்ந்து 1926இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டை இடையில் நிறுத்தினால் கைக்கு வரும் தொகையைச் 'சரண்டர்' மதிப்பு என்கிறோம் அல்லவா? படிப்புக்கும் அப்படி ஒரு மதிப்பு உண்டு என்றார் அவர். ஆங்கிலக் கல்வியை நடுவில் விட்டுவிடும் மாணவன் கையில் என்ன மிஞ்சும் என்பதே அவருடைய கேள்வி. அரைகுறையாகக் கற்ற பேச்சு மறந்துபோகும்; படித்துப் பொருள் கொள்ளும் ஆற்றலோ எந்தப் படியில் நின்றாலும் அந்த அளவுக்குப் பயன்தரும். இதே வெஸ்ட் 1953இல் ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2,000 சொற்களைத் தொகுத்து ஒரு பட்டியலும் வெளியிட்டார். பின்னர், 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும் ஆங்கிலத்தை நூலகமொழி என்று குறிப்பிட்டது. நூலகத்தில் உள்ளதை எடுத்துப் படிக்கத் தெரிந்தால்தானே அம்மொழியால் பயனுண்டு!

இனி, நம் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று பார்ப்போம். கடினமான சொற்களே இடர் என்பது பொதுவான எண்ணம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமது அனுபவம் வேறு விதமானது. நீண்ட சொல் தானே நம்மை நிறுத்தி அகராதியைப் பார்க்கச் செய்துவிடும். இடறச் செய்வன, தெரிந்தவை என்று நாம் தாண்டிச் செல்லும் சின்னஞ்சிறு சொற்களே.

பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சுற்றறிக்கையை மொழிபெயர்க்கையில் 'அன்லெஸ்' என்னும் ஒரு சொல்லை நாம் கவனியாது விட்டோம். புறப்படும் நேரத்திற்கு முன் பயணச்சீட்டை இரத்துச் செய்தாலன்றிப் பணம் திரும்பக் கிடைக்காது என்பதைப் போன்ற ஒரு வாக்கியம் அது. தமிழில் நிபந்தனை முன்னே வரும். முடிவு இறுதியில் வினைமுற்றாக நிற்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் முடிவு முன்னே வந்துவிடும். நிபந்தனை பின்னால் தொடரும். "பணம் திரும்பக் கிடைக்காது" என்ற அளவில் நம் மனம் நிறைவடைந்து, பின்னால் வந்ததை அரைக்கண்ணால் பார்த்துவிட்டது. மூத்தவர் ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோதுதான் பிழை புலப்பட்டது. அறிக்கை வெளியாகுமுன் திருத்தப்பட்டது. தேர்வு எழுதும் பிள்ளைக்கு அருகில் மூத்தவர் எவரும் இருக்கமாட்டார். ஆதலால் அந்த எச்சரிக்கையை அவனே பழகிக்கொள்ளவேண்டும்.

வேறு சில சொற்களையும் காண்போம். 'ஃபியூ' என்றால் சிலரே. 'அ ஃபியூ' என்றால் சிலர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தமிழில் ஓர் ஏகாரமும் ஒரே வேலையைச் செய்கின்றன. "சிலரே வந்தனர்" என்பதில் குறை தொனிக்கிறது; "சிலர் வந்தனர்" என்பதில் அது இல்லை. 'ஹார்ட்' என்றால் கடுமையாக; 'ஹார்ட்லி' என்றாலோ ஏறத்தாழ இல்லை என்னும் எதிர்மறை. இதனை அறியாதவர், வேலையே செய்யாதவனைக் கடும் உழைப்பாளி ஆக்கிவிடுவர். 'நாட் ஆல்' என்பது எல்லாரும் அல்லர், சிலர் மட்டுமே என்னும் பொருளது. "எல்லாரும் வரவில்லை" என்று தமிழில் சொன்னால், ஒருவர்கூட வரவில்லை என்றும் கொள்ளலாம். சிலர் வந்தனர் என்றும் கொள்ளலாம். ஆகவே தமிழில் நினைத்துப் பார்க்கும்போது இந்த இடத்தில் தனிக் கவனம் வேண்டும். 'மே' என்பது கூடும். 'மஸ்ட்' என்பது வேண்டும். விடைகளைத் தெரிவு செய்யும் வினாக்களில் இவ்விரண்டையும் மாற்றி வைத்துச் சோதிப்பது உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமானது 'ஹௌவெவர்'. தமிழில் ஆயினும், எனினும் என்பவை செய்யும் வேலையை அது செய்கிறது. அச்சொல்லைக் கண்டவுடன், ஆசிரியர் வழி திரும்புகிறார் என்று உணரவேண்டும். அவர் சொல்லவந்த கருத்து பெரும்பாலும் அந்தத் திருப்பத்திற்கு அப்பால்தான் இருக்கும்.

இதனை ஒரு கற்பனைப் பகுதியைக் கொண்டு விளக்குவோம். குஜராத்திலும் இராஜஸ்தானத்திலும் உள்ள படிக்கிணறுகளைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதுகிறார் என்று கொள்வோம். முதற்பத்தியில் அவற்றின் அழகைப் புகழ்கிறார். பாட்டன் நகரிலுள்ள ராணி கீ வாவ் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டதைக் கூறுகிறார். இரண்டாம் பத்தியில், குழாய்த் தண்ணீர் வந்த பிறகு பல கிணறுகள் குப்பை மேடுகளானதைச் சொல்லுகிறார். மூன்றாம் பத்தியில், சில ஊர்களில் அவற்றைத் தூர்வாரி வருவதைப் பாராட்டிவிட்டு, 'ஹௌவெவர்' என்று தொடங்கி, மழைநீர் வழிந்து வரும் நிலப்பரப்பைக் காவாவிடில் தூர்வாரியும் பயனில்லை என்று முடிக்கிறார்.

"ஆசிரியரின் முடிவான கருத்து யாது?" என்பது வினா. படிக்கிணறுகளைப் பற்றி வகுப்பில் ஏற்கெனவே கேட்டிருக்கும் மாணவன், "அவை நம் பண்டைப் பெருமையின் சின்னங்கள்" என்று மகிழ்ச்சியோடு எழுதுவான். அது உண்மை, பகுதியிலும் இருக்கிறது. ஆயினும் கேட்ட வினாவுக்கு அது விடையன்று. அறியாமையால் அவன் மதிப்பெண் இழக்கவில்லை, அறிந்ததனால் இழந்தான். தன் அறிவைச் சிறிது நேரம் ஒதுக்கிவைத்து, ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பொறுமை அவனுக்கு இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு விடையையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்துப் பார்க்கவேண்டும்: பகுதி வெளிப்படையாகச் சொல்வது, பகுதியிலிருந்து பெறப்படுவது, பகுதியில் இல்லாதது. நம் பழைய உரையாசிரியர்கள், நூலில் நேரே கூறப்படாததை "பெறப்பட்டது" என்று கொள்ளும்போது, அது எச்சொல்லால் பெறப்பட்டது என்பதையும் காட்டுவார்கள். தேர்வு நாடுவதும் அதுவே. விடைக்கு ஆதாரமான வரியைச் சுட்டு விரலால் தொட்டுக் காட்ட முடிந்தால் விடை எழுதலாம். முடியாவிட்டால் அது எவ்வளவு சிறந்த கருத்தாயினும் விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது வகைப் பகுதியில் எண்கள் வரும். எண்ணைப் பார்த்தவுடன் பாய்ந்து விடை எழுதுவது பிள்ளைகளின் இயல்பு. தலைப்பையும், அலகையும், அட்டவணையின் அடியில் உள்ள சிறு குறிப்பையும் படித்த பின்னரே எண்ணைப் பார்க்கவேண்டும். நம் குடிமதிப்பு அறிக்கைகளின் எழுத்தறிவுக் கணக்கு இதற்கு நல்ல பயிற்சி தரும். 1951இல் எழுத்தறிவு ஆண்களில் நூற்றுக்கு 27.16, பெண்களில் 8.86. 2011இன் முதற்கட்டக் கணக்கில் ஆண்களில் 82.14, பெண்களில் 65.46. இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட்டால், பெண்களின் விகிதம் ஏழு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. ஆண் பெண் இடைவெளியோ 18.30இலிருந்து 16.68 ஆக மட்டுமே குறைந்திருக்கிறது. "பெரும் முன்னேற்றம்" என்பதும் சரி. "இடைவெளி சிறிதே குறைந்தது" என்பதும் சரி. எதைக் கேட்டார்கள் என்பதே வினா.

இடைவெளி 60 ஆண்டுகளாகப் படிப்படியாகக் குறைந்துவந்தது என்று எவரேனும் எழுதினால் அது பிழை. 1981இல் ஆண்கள் 56.38, பெண்கள் 29.76; இடைவெளி 26.62 ஆக விரிந்திருந்தது. இரண்டு ஆண்டுகளை மட்டும் காட்டும் அட்டவணை, இடையில் நடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லுவதில்லை. மேலும், 1951இன் விகிதம் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. 1981 முதலான விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இது அடிக்குறிப்பில்தான் இருக்கும். அதனைப் படியாதவர், ஒரே அளவுகோலால் அளந்தவை என்று எண்ணி ஒப்பிட்டுவிடுவர்.

காலக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். மூன்று மணி என்பது 180 நிமிஷம். 80 மதிப்பெண்ணில் 20க்கு உரிய பங்கு 45 நிமிஷம். நிமிஷத்திற்கு 100 சொற்கள் என்று நிதானமாகப் படித்தாலும், இரண்டு பகுதிகளையும் ஒருமுறை படிக்க ஏழு நிமிஷம் போதும். இருமுறை படித்தாலும் விடை எழுத அரைமணி மிஞ்சும். தவிர, விடை எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிஷம் தரப்படுகிறது. ஆகவே நேரம் போதவில்லை என்பது பெரும்பாலும் அவசரத்தின் வேறு பெயர். முதலில் வினாக்களை ஒருமுறை நோக்குக. பின்னர்ப் பகுதியை நிறுத்தாமல் முழுவதும் படிக்க. தெரியாத சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடாது, முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டு உத்தேசமாகப் பொருள் கொள்க. இரண்டாம் முறை ஒவ்வொரு வினாவுக்கும் உரிய வரியைத் தேடிப் படிக்க.

வீட்டில் செய்யவேண்டிய பயிற்சி எளியது. நாள்தோறும் அரைமணி நேரம், ஆங்கிலப் பத்திரிகையின் ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிஷம் அகராதியின்றிப் படிக்கவேண்டும். அடுத்த பத்து நிமிஷம், மேலே கூறிய சிறு சொற்களின் கீழ்க் கோடிட்டு, கருத்து திரும்பும் இடங்களைக் குறிக்கவேண்டும். அதன் பிறகே அகராதியைத் திறந்து, மிகவும் தேவையான ஐந்து சொற்களை மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளலாம். ஐம்பது சொற்களை ஒரே நாளில் எழுதி வைப்பவன், மறுவாரம் ஐந்தையும் நினைவில் வைத்திருப்பதில்லை.

எஞ்சியுள்ள நேரத்தில் செய்யவேண்டியதே இப்பயிற்சியின் உயிர். படித்ததை மூன்று வாக்கியங்களில் தமிழில் தாயிடமோ தந்தையிடமோ பாட்டியிடமோ சொல்லவேண்டும். கேட்பவர்க்கு ஆங்கிலம் ஓரெழுத்தும் தெரியவேண்டுவதில்லை. "யார் சொன்னது? ஏன் அப்படிச் சொன்னார்? அதற்குமேல் என்ன?" என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். பிள்ளை தடுமாறும் இடத்தில்தான் அவன் ஆங்கிலத்தில் புரியாமல் தாண்டி வந்த இடம் இருக்கும். மறுபடி சென்று பார்த்து வந்து சொல்லட்டும். "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்று ஏங்கும் பெற்றோர் பலரை நாம் கண்டிருக்கிறோம். அவர்களால் செய்யக்கூடிய உதவி இது. பயிற்சி வகுப்பில் நாற்பது பேரோடு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எளிதில் கிடைக்காத உதவியும் இதுவே.

தேர்வு முடிந்துவிடும், மதிப்பெண் பட்டியலும் ஒருநாள் பெட்டிக்குள் போய்விடும். ஆனால் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய தாளையும், வங்கிக் கடன் பத்திரத்தையும், வேலைக்கான விளம்பரத்தையும் நம் நாட்டில் இன்னும் பல இடங்களில் ஆங்கிலத்தில்தான் படிக்கவேண்டியிருக்கிறது. அங்கேயும் 'அன்லெஸ்' வரும். அடியில் சிறு குறிப்பும் இருக்கும். அதைப் படித்துக் காட்டும்படி, ஆங்கிலம் அறியாத அந்தத் தாயும் தந்தையும் தம் பிள்ளையிடமே நீட்டுவார்கள். அன்று அவன் தவறாமல் படித்துச் சொல்வதற்கான பழக்கத்தையே இந்த 20 மதிப்பெண்களுக்கான பயிற்சி இப்போது தருகிறது.