அடங்காத பிள்ளையா? அடிக்கும் முன் கொஞ்சம் கேளுங்கள்



மோகனூர் பக்கத்தில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். தொடர்ந்து மூன்று கூட்டமாக ஒரு உறுப்பினர் வரவில்லை. சேமிப்புப் பணம் மட்டும் பக்கத்து வீட்டு அக்கா கையில் வந்துவிடுகிறது. என்ன காரணம் என்று கேட்டால் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைசியில் ஊக்குநர்தான் சொன்னார்: "அவ பையன் பண்ற அக்குறும்புல வெளிய தலை காட்ட முடியலீங்க. பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை மண்டைய உடைச்சுப்புட்டான். டி.சி. வாங்கிட்டுப் போகச் சொல்லிட்டாங்களாம்."

வீட்டுக்குப் போனோம். பையனுக்கு ஏழு வயது. அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு போனால் திரும்ப இருபது நாள் ஆகும். அம்மா கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறார். "கோடாங்கிகிட்ட கேட்டாச்சுங்க, தாயத்து கட்டியாச்சு, மிளகா சுத்திப் போட்டாச்சு. அடிச்சு அடிச்சு என் கைதான் வலிக்குது" என்று அழுதார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்.

பிள்ளைகள் முரண்டு பண்ணுவது புதிதல்ல. இரண்டு, மூன்று வயதில் கடிப்பதும் அடிப்பதும் எல்லா வீட்டிலும் உண்டு. மனதில் இருப்பதைச் சொல்ல வாய் வராத வயது, அதனால் கை பேசுகிறது. பேச்சு வர வர இது குறைய வேண்டும். குறையாமல் ஆறு மாதத்துக்கு மேல் எடுத்ததற்கெல்லாம் கோபம், சொன்னதற்கெல்லாம் எதிர்ப்பு, வேண்டுமென்றே எரிச்சல் ஊட்டுவது என்று போனால் அதை மருத்துவர்கள் எதிர்ப்பு நடத்தைக் கோளாறு என்கிறார்கள். இன்னும் முற்றி, ஆட்களையோ ஆடு மாடு நாயையோ வதைப்பது, திருட்டு, பொருளை உடைப்பது, தீ வைப்பது என்று ஒரு வருடமாகத் தொடர்ந்தால் அது நடத்தைக் கோளாறு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு நாள் கோபத்தை வைத்து நாமே பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டவும் வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியது மருத்துவர்.

ஏன் வருகிறது? ஒரே காரணம் கிடையாது. சில பிள்ளைகள் பிறவியிலேயே சட்டென்று சூடாகும். சிலருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு நோய் இருக்கும். காது சரியாகக் கேட்காத பிள்ளை, எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளை, வகுப்பில் அவமானப்பட்டு அவமானப்பட்டு அடிதடியில் இறங்குவதும் உண்டு. வீட்டில் குடி, சண்டை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடியைப் பற்றி ஒரு விஷயம். 1961-ல் அமெரிக்காவில் பண்டுரா என்ற உளவியல் அறிஞர், சின்னப் பிள்ளைகளின் கண் முன்னால் ஒரு காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவரை அடிக்க வைத்தார். பிறகு பிள்ளைகளைப் பொம்மையோடு விட்டால், பார்த்த பிள்ளைகளில் பலர் அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தையைச் சொல்லித் திட்டினார்கள். விளக்குமாற்றால் நாம் அடிக்கும்போது பிள்ளை என்ன படிக்கிறது என்று பாருங்கள்.

அதே நாட்டில் பேட்டர்சன் என்பவர் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து கவனித்தார். அவர் கண்டது நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டிலும் நடக்கிறது. பையன் சிப்ஸ் பாக்கெட் கேட்கிறான். அம்மா இல்லை என்கிறார். அழுகிறான், தரையில் புரளுகிறான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுகை நின்றது. புரண்டால் கிடைக்கும் என்று பையன் கற்றுக்கொண்டான். கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். அடுத்த முறை அம்மா கொஞ்சம் அதிகம் தாக்குப் பிடிப்பார், பையன் கொஞ்சம் அதிகம் கத்துவான். இப்படியே இரண்டு பேரும் ஏறிக்கொண்டே போகிறார்கள். இதில் அம்மாவை மட்டும் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பகலெல்லாம் பண்ணையில் நின்றுவிட்டு வருபவருக்கு எவ்வளவுதான் பொறுமை இருக்கும்?

இந்த இடத்தில் எங்கள் தவறையும் சொல்ல வேண்டும். "கத்தினா கொடுக்காதீங்க, கண்டுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். மூன்றாம் நாள் பையன் முன்னைவிட இரண்டு மடங்கு கத்தி, டம்ளரை எடுத்து எறிந்திருக்கிறான். அவர் இது பலிக்காது என்று நினைத்து மறுபடி அடித்துவிட்டார். பழைய வழி பலிக்காதபோது பிள்ளை முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும், அப்புறம்தான் குறையும். அதை முன்கூட்டியே சொல்லாதது எங்கள் பிழை. இன்னொன்று: அழுகையைத்தான் கண்டுக்காமல் விடலாம். அடுத்தவரை அடித்தாலோ, தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ உடனே கையைப் பிடித்துத் தடுத்து, ஒதுக்கமாகக் கூட்டிப் போய், சூடு தணிந்த பிறகு பேச வேண்டும்.

இதோடு, அவன் ஒழுங்காக இருக்கும் நேரத்தைக் கவனிக்கச் சொன்னோம். அதுவரை அவன் தப்பு செய்தால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பார். இப்போது தினமும் ராத்திரி பத்து நிமிடம், செல்போன் இல்லாமல், அவன் சொல்கிற விளையாட்டு. "தங்கச்சிக்குப் பங்கு கொடுத்தியே, நல்லா இருந்துச்சு சாமி" என்று நடந்த காரியத்தைச் சொல்லிப் பாராட்டுவது. நம்ம சிறுசேமிப்பு மாதிரிதான், முதல் மாதத்தில் ஒன்றும் தெரியாது. பாட்டியும் லாரியில் இருந்து போனில் பேசும் அப்பாவும் அதே பேச்சைப் பேச வேண்டும். அம்மா மறுத்ததைப் பாட்டி முந்தானையில் முடிந்து கொடுத்தால் எல்லாம் வீண்.

பள்ளிக்கூட விஷயத்தையும் தெரிந்து வையுங்கள். 2009-ம் வருட கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது. அடிக்கவும் மனம் நோகப் பேசவும் கூடாது. சண்டை போடாமல் இதை எடுத்துச் சொன்னோம், டி.சி. பேச்சு நின்றது. அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கும் அம்மாவும் பையனும் போய் மன்னிப்புக் கேட்டு வந்தார்கள். அதுவும் வேண்டியதுதான்.

ஒரு வழிக்கும் வரவில்லை, நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் காலம் தாழ்த்த வேண்டாம். அங்கன்வாடிக்கு வருடம் இருமுறையும் அரசுப் பள்ளிக்கு வருடம் ஒருமுறையும் நடமாடும் மருத்துவக் குழு வரும். அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் பார்க்கலாம். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மாத்திரை போட்டுப் படுக்க வைத்துவிடுவார்கள் என்ற பயம் நிறைய பேருக்கு இருக்கிறது. இந்தக் கோளாறுக்கு முதல் வைத்தியமே பெற்றோருக்குத் தரும் பயிற்சிதான். துறுதுறுப்பு நோய், வலிப்பு போன்றவை கூட இருந்தால்தான் மாத்திரைப் பேச்சு பெரும்பாலும் வரும்.

போன மாதக் கூட்டத்துக்கு அந்தச் சகோதரி பையனையும் கூட்டி வந்திருந்தார். பாதியில் அவன் வெளியே போய் எல்லோர் செருப்பையும் கலைத்துப் போட்டான். ஒருவர் வாய் திறக்கப் போனார், ஊக்குநர் கண்ணைக் காட்டி நிறுத்தினார். அம்மா எழுந்து போய், அவனையே அடுக்க வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கடன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் குழுவிலும் பிள்ளையை நினைத்துக் கூட்டத்துக்கு வராமல் நிற்கும் சகோதரி இருந்தால், ஊக்குநர் மூலம் எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். வீட்டுக்கு வருகிறோம்.