வெட்சூட் வாங்கப் போறீங்களா? முதல்ல அளவைப் பாருங்க

இந்த வாரம் போன், லேப்டாப் எதுவும் கிடையாது. ஒரு ரப்பர் உடுப்பு பற்றிப் பேசப் போறேன். அதுவும் டெக்னாலஜிதான்.

போன ஆகஸ்டில் மேன்லி கடற்கரைக்கு சர்ஃபிங் கத்துக்கப் போனேன். பரமட்டாவில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் ஒரு வெட்சூட் வாங்கியிருந்தேன். 4/3 தடிமன், பாதி விலை. தொப்பைக்கு இடம் இருக்கட்டுமே என்று ஒரு சைஸ் பெரிசா எடுத்தேன். இருபது நிமிஷத்தில் பல் தந்தியடித்தது. கை மரத்துப்போய், பலகையைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வருவதற்குள் நிஜமாகவே பயந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு பொண்ணு, பழைய 3/2 சூட்டில் ஜாலியாக அலை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கோவளத்துல பசங்க வெறும் டிரவுசரோட அலை ஓட்டுறாங்க, உனக்கு எதுக்குடா இந்த வேஷம்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் கோவளத்துக் கடல் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். சிட்னியில் குளிர்காலத்தில் சுமார் 18. மெல்போர்ன்காரர்கள் போகும் டார்க்கியில் 14 வரை இறங்கும். தண்ணீர் வெப்பத்தைக் கடத்துவது காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு அதிகம்.

1950களின் தொடக்கத்தில் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர்தான் இதற்கு வழி கண்டுபிடித்தார். உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை, துணிக்குள் காற்றுக்குமிழிகள் இருந்தால் சூடு வெளியே போகாது என்பது அவர் யோசனை. நியோப்ரீன் நுரைக்குள் இருப்பது அந்தக் குமிழிகள்தான். உள்ளே வரும் கொஞ்சம் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கணும். சூட் தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் அது வெளியேறி, புதுசா குளிர்ந்த தண்ணீர் நுழையும். என் கதை அதுதான். பெரிய பேட்டரி வாங்கிவிட்டு, பின்னணியில் நாற்பது ஆப் ஓடவிட்ட மாதிரி.

அதனால் கடைக்கே போய்ப் போட்டுப் பாருங்க. காய்ந்த சூட்டுக்குள் நுழையத் திணறத்தான் செய்யும், அது நல்ல அறிகுறி. கீழ்முதுகு, அக்குள், கவட்டை, இந்த மூன்று இடத்திலும் மடிப்போ இடைவெளியோ இருக்கக் கூடாது. கழுத்து ஒட்டி இருக்கணும், மூச்சு முட்டக் கூடாது. கையைத் தலைக்கு மேல் தூக்குங்க, குந்தி உட்காருங்க. தோள் இழுத்தால் அடுத்த சைஸ் இல்லை, அடுத்த பிராண்ட் பாருங்க. ஒவ்வொருவர் வெட்டும் வேற.

அடுத்து தையல். தட்டைத் தையல் துணியைத் துளைத்துப் போகும், தண்ணீர் கசியும், கோடைக்கு மட்டும் சரி. குளிருக்கு, பசை போட்டு, ஊசி மறுபக்கம் வராமல் தைத்தது வேணும். முதுகு ஜிப் போடச் சுலபம். நெஞ்சு ஜிப்பில் கசிவு குறைவு.

தடிமன் கடைசிதான். 3/2 என்றால் உடம்புக்கு 3 மில்லிமீட்டர், கைகாலுக்கு 2. சிட்னி குளிருக்கு முழு நீள 3/2, இங்கே ஸ்டீமர் என்பார்கள், பெரும்பாலும் போதும். மெல்போர்னுக்கு 4/3, காலுக்கு பூட்ஸும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில் அலசி, நிழலில், இடுப்பில் மடித்துத் தொங்கவிடுங்க. தோளில் மாட்டினால் ஈரக் கனத்தில் இழுபட்டுவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீங்க. வெட்சூட் கொஞ்சம் மிதக்க வைக்கும், ஆனால் அது லைஃப் ஜாக்கெட் இல்லை. நம்மில் பல பேர் கடலைப் பார்த்து வளர்ந்தோமே தவிர, கடலில் நீந்தி வளரவில்லை. அதனால் முதலில் நீச்சல், பிறகு சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே குளியல், சர்ஃபிங்குக்கு ஒரு பயிற்சியாளர்.

நான் இப்போ ஒரு சைஸ் சின்ன 3/2 வைத்திருக்கிறேன். தொப்பை தெரியுது. ஆனா குளிரலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!